கை போகாத இடத்து போல்ட்டும் கொஞ்சம் ஸ்பேனர் சரித்திரமும்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் பேனா பிடிக்கிறவனுக்கு ஸ்பேனர் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாம் கொட்டேஷன் படித்து வந்த ஞானம்தான்.

நான் இருப்பது வைட்டிலா. கொச்சியில் தேசிய நெடுஞ்சாலை 66-ல் இருக்கும் பெரிய சந்திப்பு. 2011-ல் பஸ் நிலையம், 2019-ல் மெட்ரோ, 2021-ல் மேம்பாலம், 2023-ல் வாட்டர் மெட்ரோ படகு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த இடம். இத்தனை வண்டி ஓடும் ஊரில் ஒர்க் ஷாப் இல்லாமல் இருக்குமா? அவர்கள் கருவி வாங்கச் சின்னக் கடன் கேட்டு வருவார்கள். விண்ணப்பத்தோடு கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன் இருக்கும். அதை வரி வரியாகப் பார்ப்பது என் வேலை.

வந்த புதிதில் ஒரு கூத்து. பக்கத்து ஒர்க் ஷாப்பில் ஒரு வயதான மலையாளி மேஸ்திரி "பிரியாணி பொட்டிப் போயி" என்று புலம்பிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் கீழே விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மலையாளத்தில் பிரியாணி என்றால் நம்ம திருகாணி. பிரி என்றால் புரி. புரி உள்ள ஆணி என்பதால் பிரியாணி. :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கொடுத்த கொட்டேஷனில் ஸ்பேனர் வகை மட்டும் ஒரு பக்கம் இருந்தது. ரிங், டபுள் எண்ட், பாக்ஸ், டி, அரைவட்டம், நீட்டுக் கம்பி, ஜாயின்ட்... "ஒரு செட்டு போதாதா அண்ணாச்சி? இத்தனை எதுக்கு?" என்று கேட்டேன்.

"சார், போல்ட்டைக் கழட்டுறதுல ஒண்ணுமில்ல. போல்ட்டுகிட்ட போய்ச் சேருறதுதான் சார் பாடு" என்றார்.

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு. வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும், ஊரை விட்டு வந்து இந்தத் தொழிலில் இருக்கும் நம்ம மக்களுக்கும் உபயோகப்படும் என்று நம்புகிறேன்.

முதலில் வாய், அப்புறம்தான் கை

1841-க்கு முன் இங்கிலாந்தில் ஒரு பட்டறையில் செய்த போல்ட் அடுத்த பட்டறை நட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து அளந்து, சராசரி எடுத்து, 55 டிகிரி கோணத்தில் ஒரு பொது அளவை அந்த வருடம் முன்வைத்தார். ரயில்வேக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ரயில் வந்த வழியிலேயே அந்த அளவும் நம் நாட்டுக்கு வந்தது. 1856-ல் ஆரம்பித்த பெரம்பூர் பட்டறையும், 1928-ல் திறந்த திருச்சி பொன்மலைப் பட்டறையும் அங்குலக் கணக்கில் வேலை பழகிய இடங்கள்.

அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரி கோணத்தில் வேறொரு அளவைச் சொன்னார். ஐரோப்பா மில்லிமீட்டரில் போனது. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று சேராமல் பட்ட அவதிக்குப் பிறகுதான், 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து ஒரு பொது அங்குல அளவுக்கு ஒப்புக்கொண்டன.

இதில் நமக்கு என்ன வந்தது என்கிறீர்களா? மூன்று ஸ்பேனரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரை அங்குலம் என்று போட்ட அமெரிக்கக் கணக்கு ஸ்பேனரின் வாய் 12.7 மி.மீ. அடுத்தது 13 என்று போட்ட மெட்ரிக் ஸ்பேனர். மூன்றாவது, கால் அங்குலம் என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனர். அதன் வாய் கால் அங்குலம் இருக்காது, 13.3 மி.மீ. இருக்கும். ஏனென்றால் விட்வொர்த் ஸ்பேனரில் பொறிக்கிற எண் போல்ட்டின் தண்டு அளவு, தலையின் அளவு அல்ல.

12.7, 13, 13.3. மூன்றும் கண்ணுக்கு ஒன்றுதான். கையில் மாட்டினாலும் ஓரளவு பிடிக்கும். 13 போல்ட்டில் 13.3 ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் முதல் இழுப்பிலேயே ஆறு மூலையும் மழுங்கும். மேலே திறந்த இடத்தில் இருக்கும் போல்ட் என்றால் வைஸ் கிரிப் போட்டோ, உளி வைத்துத் தட்டியோ எடுத்துவிடலாம். இன்ஜினுக்குப் பின்னால், இரண்டு விரல் மட்டுமே போகிற இடத்தில் மழுங்கினால்? இன்ஜினை இறக்க வேண்டியதுதான். ஐந்து நிமிட வேலை இரண்டு நாள் ஆகிவிடும். டாக்சி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது இரண்டு நாள் வருமானம்.

லேலண்டுக்கு ஒரு பெட்டி, டாடாவுக்கு ஒரு பெட்டி

இந்தியா 1956-ல் மெட்ரிக் சட்டம் கொண்டுவந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. காசு மாறிய வேகத்தில் போல்ட் மாறவில்லை. காரணம், வண்டிகள் வெவ்வேறு நாட்டுக் கூட்டாளிகளோடு வந்தவை.

சென்னை எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. பிரிட்டிஷ் கூட்டு, அங்குல போல்ட். ஜாம்ஷெட்பூரில் டாடா 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. அது மெட்ரிக். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி மெக்கானிக் இரண்டு பெட்டி வைத்துத்தான் பிழைத்தாக வேண்டும்.

காரிலும் அதே கதை. 1957-ல் வந்த அம்பாசடர் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி, அங்குலம். பிரீமியர் பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100-ன் வழி, மெட்ரிக். 1983-ல் வந்த மாருதி ஜப்பான். அதுவும் மெட்ரிக்தான், ஆனால் வேறு மெட்ரிக்! 8 மி.மீ. தண்டு உள்ள போல்ட்டுக்கு ஜெர்மன் வழக்கில் தலை 13, ஜப்பான் வழக்கில் 12. 10 மி.மீ. போல்ட்டுக்கு அங்கே 17, இங்கே 14. நம்ம கடைகளில் விற்கும் 12-13 டபுள் எண்ட் ஸ்பேனரை அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். ஒரு முனையில் ஜப்பான் உட்கார்ந்திருக்கிறது, மறு முனையில் ஜெர்மனி.

இதில் வேடிக்கை ஒன்று. பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. அதை 1923-ல் மோரிஸ் வாங்கினார். உள்ளே இருந்த இயந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் புரி வெட்டுபவை. இங்கிலாந்து மெக்கானிக் கையிலோ விட்வொர்த் ஸ்பேனர்தான். என்ன செய்தார்கள்? புரியை மெட்ரிக்கிலேயே விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள்! எம்.ஜி. கார்களின் சில இன்ஜின்களில் 1950-கள் வரை இந்தக் கலப்புக் கல்யாணம் நீடித்தது.

கடைசியாக ஒரு விஷயம். உலகம் முழுக்க மெட்ரிக் ஆனபிறகும் சாக்கெட்டை மாட்டும் சதுர முனை இன்னும் 1/4, 3/8, 1/2 அங்குலம்தான். 10 மி.மீ. சாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், அங்குலம் அங்கே குடியிருக்கும்.

இன்ஜின் குறுக்கே படுத்தது

அம்பாசடரின் பானட்டைத் திறந்தால் உள்ளே ஒரு ஆளே இறங்கி நிற்கலாம் என்று கேலியாகச் சொல்வார்கள். இன்ஜின் நீளவாக்கில் இருக்கும், இரண்டு பக்கமும் இடம். ஓப்பன் ஸ்பேனரும் ரிங் ஸ்பேனரும் பிளக் கழற்றும் டியூப் ஸ்பேனரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நம்ம சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதற்கும் ஒரு படி மேலே. பெருங்களத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை நினைவிருக்கும். அந்தக் காரில் பானட், மட்கார்ட், முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கமாகச் சாயும். இன்ஜின் முழுக்க வெளியே வந்துவிடும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

ஹெரால்டின் தாய் வண்டியான ட்ரையம்ஃப் ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்தது. அதே 1959-ல் அதே நாட்டில் இன்னொரு கார் வந்தது. பெயர் மினி. அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் இன்ஜினைக் குறுக்கே படுக்கவைத்து, முன் சக்கரத்தையே இழுக்க வைத்தார். காரின் நீளம் குறைந்தது, உள்ளே நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. உட்காருகிறவர்களுக்குக் கிடைத்த இடம் மெக்கானிக்கின் கையிலிருந்து பறித்த இடம்.

ஜெயித்தது ஹெரால்டு வழி அல்ல, மினி வழி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-லும் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின் குறுக்கேதான். 1984-ல் வந்த மாருதி வேனில் இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழே. சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜினையே பார்க்க முடியும். அதன் பிறகு ஏ.சி., பவர் ஸ்டியரிங், டர்போ என்று ஒவ்வொன்றும் மிச்சமிருந்த சந்தில் வந்து புகுந்துகொண்டன.

தொழிற்சாலைக்கு இதில் கஷ்டம் இல்லை. இன்ஜினை வெளியே வைத்து எல்லாவற்றையும் மாட்டி, முழுசாக வண்டிக்குள் ஏற்றிவிடுவார்கள். வெளியே மாட்டிய போல்ட்டை உள்ளே வைத்துக் கழற்ற வேண்டிய தலையெழுத்து மெக்கானிக்குக்குத்தான். கை போகாத இடம் என்பது யாரோ ஒருவர் வரைபலகையில் எடுத்த முடிவு. அண்ணாச்சியின் கொட்டேஷனில் இருந்த ஒவ்வொரு வரியும் அந்த முடிவுக்கு மெக்கானிக் உலகம் தேடிக்கொண்ட பதில்.

டிகிரி கணக்கு

ஒடுக்கமான இடத்தில் பலத்தைவிட முக்கியமானது கைப்பிடி எத்தனை டிகிரி அசையும் என்பது. போல்ட் தலைக்கு ஆறு பக்கம். நேரான வாய் உள்ள ஸ்பேனரை ஒருமுறை திருப்பி மறுபடி மாட்ட 60 டிகிரி அசைவு வேண்டும். ஓப்பன் ஸ்பேனரின் தலை 15 டிகிரி சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல. ஒருமுறை திருப்பிவிட்டு ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மாட்டினால் 30 டிகிரி இடத்திலேயே வேலை நடக்கும். 12 மூலை உள்ள ரிங் ஸ்பேனருக்கும் அதே 30 டிகிரி போதும்.

அதைவிடக் குறைவான இடம் என்றால் ராட்செட். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரிச்சர்ட்சன் என்பவர் 1863-லேயே சாக்கெட்டோடு சேர்ந்த ராட்செட்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உள்ளே 24 பல் இருந்தால் 15 டிகிரிக்கு ஒரு சொடுக்கு, 36 பல் என்றால் 10, 72 பல் என்றால் 5 டிகிரி. விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதா? அந்த 5 டிகிரிக்குத்தான்.

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு சாக்கெட்டும் தன் கைப்பிடியோடு ஒட்டியே வந்தது. 1920-ல் ஜோசப் ஜான்சன் என்பவர் 10 சாக்கெட், 5 கைப்பிடி, எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஒரு செட் கொண்டுவந்தார். 5 கைப்பிடி 50 கருவியின் வேலையைச் செய்யும். கணக்குப் பிள்ளையான எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. ஸ்னாப் ஆன் நிறுவனம் பிறந்த கதையும் இதுதான். நீட்டுக் கம்பியும் வளையும் ஜாயின்டும் இந்த ஏற்பாட்டில் ஒட்டிக்கொண்டன. வளையும் ஜாயின்ட் 17-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் தன் வானியல் கருவிக்காக விவரித்த அதே பொறிதான்.

அப்புறம் அந்த "எல்.என். கீ". கொட்டேஷனில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் எதற்கோ சுருக்கம் என்று தேடினேன். ஆலன் கீ என்பதுதான் நம்ம நாட்டுக் கடைத்தெருக்களில் தேய்ந்து எல்.என். கீ ஆகியிருக்கிறது! வில்லியம் ஆலன் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டுகாரர், 1910-ல் காப்புரிமை பெற்றவர். அந்தக் கால ஆலைகளில் மேலே ஓடும் சுழல்தண்டுகளில் சதுரத் தலை திருகுகள் துருத்திக்கொண்டிருக்கும். தொழிலாளியின் சட்டை அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். தலையே வெளியே தெரியாமல், உள்ளே ஆறுகோணக் குழி வைத்த திருகு அதற்கு மாற்றாக வந்தது. இடம் குறைந்த இன்ஜின்களுக்கு அது பிறகு கை கொடுத்தது. சுற்றிலும் ஸ்பேனர் போக இடம் வேண்டாமே, நேராக உள்ளே குத்தினால் போதும்.

நம் நாட்டில் இந்தக் கருவிகளின் ஊர் பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும். நாசிக்கில் டபாரியா 1969-ல் ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தோடு ஆரம்பித்தது. கொச்சி ஒர்க் ஷாப்பிலும் கோவில்பட்டி ஒர்க் ஷாப்பிலும் தொங்குவது பெரும்பாலும் இவைதான்.

சரி, எதை வாங்குவது?

அண்ணாச்சியும் அவரைப் போன்ற இன்னும் சிலரும் சொன்னதை நான் படித்ததோடு சேர்த்து வரிசைப்படுத்துகிறேன்.

அளவு முதலில். எந்த நாட்டு வழி வண்டி என்று தெரிந்துகொண்டு சரியான வாய். கிட்டத்தட்ட என்ற பேச்சே கூடாது.

பிடி இரண்டாவது. ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். இறுகிய, துருப்பிடித்த போல்ட்டுக்கு 6 மூலை சாக்கெட் அல்லது ரிங். 12 மூலை மாட்டச் சுலபம், ஆனால் மழுங்கத் தொடங்கிய தலையில் வழுக்கும்.

அசைவு மூன்றாவது. கைப்பிடி ஆடும் இடத்தைப் பார்த்து, 30 டிகிரியா, 10-ஆ, 5-ஆ என்று முடிவு செய்வது.

எட்டுவது நான்காவது. நேராக எட்டினால் நீட்டுக் கம்பி. சின்ன வளைவு என்றால் ஆடும் முனை உள்ள நீட்டுக் கம்பி. பெரிய வளைவுக்கு மட்டும் ஜாயின்ட். வளைவு கூடக் கூட ஜாயின்ட் போல்ட்டை விட்டுச் சரியப் பார்க்கும். நம்ம கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 1/2 அங்குல செட். இன்ஜின் சந்துகளுக்கு 3/8 அங்குலம்தான் தோது. தலையும் சின்னது, பலமும் போதும். ஸ்டார்ட்டர் மோட்டார், மேனிஃபோல்டு போல்ட்டுகளுக்கென்றே அரைவட்ட ரிங் ஸ்பேனர் இருக்கிறது.

பலம் கடைசி. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிக் காத்திருந்த பிறகு.

திரும்ப மாட்டும்போது சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவி போல்ட்டை ஒட்டவைத்து உள்ளே கொண்டுபோவார்கள். முதல் இரண்டு மூன்று புரியை விரலாலோ, கைப்பிடி இல்லாத நீட்டுக் கம்பியாலோதான் ஏற்ற வேண்டும். எடுத்ததும் ராட்செட் போட்டால் புரி குறுக்கே ஏறிவிடும்.

200 பீஸ் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். அதில் பாதி உங்கள் வண்டியில் இல்லாத அளவு. 8, 10, 12, 13, 14, 17, 19 என்று நல்ல இரும்பில் ஏழு சாக்கெட், ஒரு நல்ல ராட்செட், இரண்டு நீட்டுக் கம்பி என்று தொடங்குவது மேல்.

இன்னொன்று உண்டு, கொட்டேஷனில் ஒருநாளும் வராதது. அனுபவஸ்தர்களின் பெட்டியில் வெட்டி, காய்ச்சி, வளைத்து, ஒட்டிய ஸ்பேனர் நாலைந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஒரே ஒரு போல்ட்டுக்காகச் செய்தது. காய்ச்சியதால் இரும்பின் உறுதி குறைந்திருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், பார்த்துத்தான் பிடிப்பார்கள். எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அவற்றுக்கு விலை பூஜ்யம். ஆனால் அந்த நாலைந்தைப் பார்த்தால் ஆள் எத்தனை வருடம் வேலை பார்த்தவர் என்று தெரிந்துவிடும். கடன் கொடுக்கிறவன் பார்க்க வேண்டிய சொத்து அதுதான் என்பது என் கட்சி.

தோப்பும்படியில்

கொச்சியில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் ஒர்க் ஷாப்பில் மட்டும் இல்லை. மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மக்கள் ஆழ்கடல் படகுகளோடு தங்கித் தொழில் செய்யும் இடம். கேரளத்தில் படகுகளுக்கு இன்ஜின் பொருத்தும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது 1952-ல் ஒப்பந்தமான இந்தோ நார்வே திட்டம். கொல்லத்தை ஒட்டிய நீண்டகரையில் ஆரம்பித்த அது 1963-ல் எறணாகுளத்துக்கு வந்தது.

படகின் இன்ஜின் அறை காரைவிட மோசம். லாரியில் ஓடும் அதே குடும்பத்து லேலண்ட் இன்ஜின் என்றாலும், லாரியில் பக்கவாட்டில் நின்று வேலை பார்க்கலாம், கேபினையே சாய்க்கலாம். படகில் ஒரு பக்கம் மரமோ இரும்போ முட்டும். கீழே தண்ணீர் தேங்கிய அடிவயிறு, மேலே தளம். உப்புக் காற்றில் போல்ட் எல்லாம் இறுகிக் கிடக்கும். இன்ஜினைக் குளிரவைக்கும் கடல்நீர் பம்ப் நின்றால் இன்ஜின் நிற்கும். அதன் போல்ட் இருட்டில், கைக்கு எட்டாத பக்கத்தில்.

கரையில் மழுங்கிய போல்ட்டுக்கு விலை இரண்டு நாள் வாடகை. வாரக்கணக்கில் கடலில் கிடக்கும் படகில், அடுத்த ஒர்க் ஷாப் நூறு கடல் மைலுக்கு அப்பால் இருக்கும்போது, பெட்டியில் சரியான 6 மூலை சாக்கெட் இருக்கிறதா இல்லையா என்பது உள்ளே இருக்கும் அத்தனை பேரும் எப்போது வீடு திரும்புவார்கள் என்ற கேள்வி. அங்கே இன்ஜின் பார்க்கும் டிரைவர்கள் சாக்கெட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, எண்ணிப் பார்த்து வைப்பதைக் கண்டிருக்கிறேன். எங்கள் வங்கியில் லாக்கர் சாவிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.